ஓர் இதயம் போதவில்லை: இரத்த ஓட்டம் அறியப்பட்ட வரலாற்றில் விலங்குகள்

மனித உடலில் இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு, உடலின் கடைக்கோடி வரை சென்று, மீண்டும் இதயத்துக்கே வந்து சேர்கிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. கிரேக்க அறிஞர்கள் விலங்குகளின் மார்பைத் திறந்து பார்த்து எழுதத் தொடங்கிய கி.மு. நான்காம் நூற்றாண்டிலிருந்து, இச்செய்தி சான்றுகளோடு நிறுவப்பட்ட 1628-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தன. மனிதப் பிணங்களை அறுப்பதற்கு இருந்த தடைகளே இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அது முழு விளக்கம் ஆகாது. ஏனெனில் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் மனித உடல்கள் மாணவர் முன்னிலையில் வெளிப்படையாகவே அறுக்கப்பட்டன, அப்போதும் விடை கிடைத்துவிடவில்லை. பிணத்தில் இதயம் அசைவதில்லை. உயிருள்ள நாயிலோ ஆட்டிலோ அது கண்ணுக்குப் பிடிபடாத விரைவில் துடிக்கிறது. மெதுவாகத் துடிக்கும் இதயம், ஒரே ஒரு கீழறை கொண்ட இதயம், ஒளி ஊடுருவும் உடலுக்குள் வெளியே தெரியும் இதயம் எனப் பலவகை விலங்குகளின் இதயங்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகே மனித இதயத்தின் வேலை விளங்கியது. ஆகவே இரத்த ஓட்டம் கண்டறியப்பட்ட வரலாறு, ஒவ்வொரு காலத்திலும் ஆய்வாளர் எந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தார் என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

அரிஸ்டாட்டிலின் மூன்று அறைகள்

விலங்குகளின் உள்ளுறுப்புகளை முறையாக ஒப்பிட்டு எழுதியவர்களில் முதல்வராக அரிஸ்டாட்டிலைக் (கி.மு. 384–322) கூறலாம். கோழி அடைகாக்கும் முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்த அவர், மூன்றாம் நாளில் வெண்கருவின் நடுவே இரத்தப் புள்ளியாக இதயம் தோன்றித் துடிப்பதைக் குறித்து வைத்தார். உயிரின் வெப்பத்துக்கும் உணர்வுக்கும் இதயமே இருப்பிடம் என்று அவர் முடிவு செய்ததற்கு இந்தக் காட்சியும் ஒரு சான்றாயிற்று. பெரிய விலங்குகளின் இதயத்தில் மூன்று அறைகள் உண்டு என்றும் அவர் எழுதினார். இன்றைய கணக்கின்படி பாலூட்டிகளின் இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன: உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் இரத்தத்தைப் பெற்றுக்கொள்ளும் மேலறைகள் இரண்டு, அதை வெளியே தள்ளும் தசை மிகுந்த கீழறைகள் இரண்டு. அரிஸ்டாட்டில் வலது மேலறையைத் தனி அறையாகக் கொள்ளாமல், அதனோடு சேரும் பெருஞ்சிரையின் விரிந்த பகுதியாகவே கொண்டார் என்பது 1879-இல் ஆங்கில விலங்கியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி தந்த விளக்கம். இதில் கொன்ற முறைக்கும் பங்கு உண்டு. விலங்கைப் பட்டினி போட்டு மெலியச்செய்து, பிறகு கழுத்தை நெரித்துக் கொன்றால்தான் இரத்த நாளங்கள் இரத்தம் வடியாமல் தெளிவாகத் தெரியும் என்று அரிஸ்டாட்டிலே பரிந்துரைத்திருக்கிறார். அவ்வாறு இறந்த விலங்கில் இதயத்தின் வலப்பக்கமும் அதைச் சேரும் சிரைகளும் இரத்தம் தேங்கிப் புடைத்து, எது நாளம், எது அறை என்று பிரித்தறிய முடியாத நிலையில் இருக்கும்.

அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸும் எரசிஸ்ட்ராட்டஸும் மனித உடல்களையே அறுத்துப் பார்த்தனர். இரத்தம் ஒரு திசையில் மட்டுமே செல்லுமாறு திறந்து மூடும் இதய வால்வுகளை எரசிஸ்ட்ராட்டஸ் சரியாக விவரித்தார். ஆனால் இறந்த உடலில் தமனிகள், அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் தடித்த சுவருடைய நாளங்கள், பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அதனால் தமனிகளில் ஓடுவது காற்றைப் போன்ற ஓர் உயிர்ச்சத்து என்றும், இரத்தம் சிரைகளில் மட்டுமே உண்டு என்றும் அவர் முடிவு கட்டினார். பிணத்தில் கண்டதை நம்பியதால் நேர்ந்த பிழை இது.

கேலனும் மாட்டின் உடலும்

இப்பிழையை உயிருள்ள விலங்கைக் கொண்டு திருத்தியவர் பெர்கமம் நகரில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற மருத்துவர் கேலன் (பிறப்பு கி.பி. 129). உயிருள்ள விலங்கொன்றின் தமனியை இரண்டு இடங்களில் நூலால் இறுகக் கட்டி, இரண்டு கட்டுகளுக்கும் நடுவே கீறி, அங்கிருந்து இரத்தமே வெளிவருவதை அவர் காட்டினார். மனித உடலை அறுக்கும் வழக்கம் அன்றைய ரோமில் இல்லாததால் வட ஆப்பிரிக்காவின் வாலில்லாக் குரங்குகளையும் பன்றிகளையும் ஆடுமாடுகளையும் அவர் அறுத்தார். ரோமில் பெரிய யானை ஒன்று கொல்லப்பட்டபோது, அதன் இதயத்துக்கு ஒரு முனையா இரண்டு முனைகளா என்று மருத்துவர்கள் திரண்டு வாதாடினர். காற்றை மூச்சிழுக்கும் பிற விலங்குகளின் இதயத்தைப் போன்றே யானையின் இதயமும் இருக்கும் என்று கேலன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அரண்மனைச் சமையற்காரர்கள் அந்த இதயத்தை எடுத்துச் சென்ற பிறகு, அதற்குள் இருக்கும் எலும்பை மீட்டுவர ஆள் அனுப்பினார் என்பதும் அவருடைய நூலிலேயே பதிவாகியுள்ளது. மாடு முதலிய சில விலங்குகளின் இதயத்தில் அத்தகைய சிறு எலும்பு உண்மையிலேயே உண்டு. மனித இதயத்தில் அது கிடையாது.

விலங்குகளிடையே உள்ள ஒற்றுமையின் மீது கேலன் வைத்த இந்த நம்பிக்கையே அவருடைய வலிமையும் குறையுமாயிற்று. ஆடுமாடுகளின் மூளைக்கு அடியில் காணப்படும் நுண்ணிய தமனி வலையை மனிதருக்கும் உரியதாக அவர் எழுதிவிட்டார். அது மனிதரிடம் இல்லை. இரத்த ஓட்டத்தைப் பற்றிய அவருடைய கோட்பாட்டின்படி, உண்ட உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் உண்டாகிச் சிரைகளின் வழியே உறுப்புகளுக்குப் பரவி அங்கேயே செலவாகிவிடுகிறது. அதில் ஒரு சிறு பகுதி, இதயத்தின் வலது கீழறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள இடைச்சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே கசிந்து இடப்பக்கம் சேர்ந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றின் சத்தோடு கலந்து, தமனிகளில் செல்கிறது. இக்கோட்பாட்டில் இரத்தம் எங்கும் திரும்பி வருவதில்லை. துளைகளை யாரும் கண்டதில்லை என்றாலும், அவை இல்லாவிட்டால் கோட்பாடு நிற்காது என்பதால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவை இருப்பதாகவே கொள்ளப்பட்டன.

அவற்றை முதலில் மறுத்தவர் டமாஸ்கஸில் கல்வி பயின்று கெய்ரோவில் மருத்துவராக விளங்கிய இப்னு அல்-நஃபீஸ் (இறப்பு 1288). இடைச்சுவர் திண்ணமானது, அதில் புலப்படும் துளையும் இல்லை, புலப்படாத துளையும் இல்லை என்றும், வலது கீழறையின் இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்த பின்பே இடது அறையை அடைகிறது என்றும் 1242-இல் எழுதிய உரைநூலில் அவர் குறிப்பிட்டார். சமய விதியும் தம் இயல்பான இரக்கமும் உடலை அறுப்பதிலிருந்து தம்மைத் தடுத்ததாக அவரே அந்நூலின் முன்னுரையில் கூறுவதால், இம்முடிவு எந்த அளவுக்குத் தருக்கத்தால் எட்டப்பட்டது என்பது அறிஞர்களிடையே இன்றும் விவாதத்துக்குரியது. 1924-இல் எகிப்திய மருத்துவர் முகைதீன் அல்-தத்தாவி பெர்லினில் இருந்த சுவடியை ஆராய்ந்து வெளிப்படுத்தும் வரை இந்நூற்பகுதி உலகின் கவனத்துக்கு வரவில்லை. ஐரோப்பாவில் மைக்கேல் செர்வீட்டஸ் 1553-இல் ஒரு சமய நூலிலும், ரியால்டோ கொலம்போ 1559-இல் ஓர் உடற்கூற்று நூலிலும் இதே நுரையீரல் வழியை விவரித்தனர். கொலம்போ உயிருள்ள நாய்களைத் திறந்து, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரையில் காற்று இல்லை, இரத்தமே நிறைந்திருக்கிறது என்று காட்டியதால் அவருடைய கூற்று வலுப்பெற்றது.

பாதுவாவில் உருவான முறை

ஒப்பிட்டுப் பார்த்தல் ஒரு கல்வி முறையாக வேரூன்றிய இடம் வட இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகம். அங்கு உடற்கூற்றுப் பேராசிரியராக இருந்த ஃபப்ரீசியஸின் முயற்சியால் 1595-இல் திறக்கப்பட்ட உடற்கூற்று அரங்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது. முட்டை வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு வட்டங்களாக எழும்பும் மரப்படிகளில், இடுப்பளவு கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி மாணவர்கள் நெருங்கி நின்று, அடியில் மேசைமீது கிடத்தப்பட்ட உடலைக் குனிந்து பார்த்தனர்; உடல் அழுகாமல் இருக்கக் குளிர்காலத்தில் மட்டுமே இந்த வகுப்புகள் நடந்தன. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய ஃபப்ரீசியஸ், ஓர் உறுப்பை மனிதரில் மட்டும் ஆராயாமல் அவ்வுறுப்பை உடைய எல்லா விலங்குகளிலும் ஆராய வேண்டும் என்ற நெறியை வகுத்துக்கொண்டார். சிரைகளுக்குள் சிறு கதவுகளைப் போல அமைந்த வால்வுகளைப் பற்றி 1603-இல் அவர் நூல் வெளியிட்டார். கைகால்களில் இரத்தம் அளவுக்கு மீறித் தேங்காமல் இவை தடுக்கின்றன என்று அவர் கருதினாரே தவிர, இரத்தம் இதயத்தை நோக்கித் திரும்புவதற்காகவே இவை அமைந்துள்ளன என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவரிடம் பயின்று 1602-இல் பாதுவாவில் பட்டம் பெற்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி (1578–1657), லண்டன் திரும்பி 1609-இல் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் மருத்துவரானார். 1616 முதல் மருத்துவர் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரைகளை நிகழ்த்தினார். நாய், பன்றி போன்ற வெப்ப இரத்த விலங்குகளின் இதயத்தைத் திறந்து பார்த்தபோது, சுருங்குவது எப்போது, விரிவது எப்போது என்று பிரித்தறிய முடியாமல் அவர் தொடக்கத்தில் திகைத்தார். தேரை, தவளை, பாம்பு, சிறு மீன், நண்டு, இறால், நத்தை ஆகிய குளிர் இரத்த விலங்குகளின் பக்கம் திரும்பியபோது இந்தத் திகைப்பு நீங்கியது. இவ்விலங்குகளின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தது. இவற்றுக்கு ஆற்றல் தேவை குறைவு. ஆகவே இதயம் மெதுவாகத் துடிப்பதோடு, உடல் திறக்கப்பட்ட பிறகும் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். முதலில் மேலறைகள் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன, பிறகு கீழறைகள் சுருங்கித் தமனிகளுக்குள் தள்ளுகின்றன என்ற வரிசையை அவர் இவற்றில்தான் தெளிவாகக் கண்டார். விலாங்கு மீனின் இதயத்தை வெளியே எடுத்துத் துண்டுகளாக நறுக்கிய பின்னும் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே துடித்ததை அவர் எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றிலும் கடலிலும் கிடைக்கும், உடல் ஒளி ஊடுருவும் இறால் வகையை நண்பர்களுக்குக் காட்டி, அறுக்காமலேயே இதயத்தின் இயக்கத்தைப் பார்க்கச் செய்தார். புறா ஒன்றின் இதயம் நின்றுபோன பிறகு, உமிழ்நீரால் நனைத்த வெதுவெதுப்பான விரலை அதன்மீது சிறிது நேரம் வைத்திருந்தபோது, அது மீண்டும் துடித்ததையும் பதிவு செய்தார். சாகும் தறுவாயில் உள்ள விலங்கில் கீழறைகள் நின்ற பிறகும் மேலறை துடிக்கிறது, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓய்வது வலது மேலறை என்பதும் அவருடைய கூர்மையான கவனிப்புகளில் ஒன்று.

1628-இல் பிராங்க்பர்ட்டில் லத்தீன் மொழியில் அச்சான அவருடைய சிறு நூலின் வாதத்தில் மீனின் இதயத்துக்குத் தனி இடம் உண்டு. மீனின் இதயத்தில் மேலறை ஒன்று, கீழறை ஒன்று, நுரையீரல் கிடையாது. சிரைகளிலிருந்து வரும் இரத்தம் மேலறையை அடைந்து, கீழறைக்குச் சென்று, அங்கிருந்து தமனிக்குத் தள்ளப்படுவதைப் பாமரரும் கண்ணால் காணலாம். இடைச்சுவரே இல்லாத இவ்விதயத்தில் துளைகள் என்ற கேள்விக்கே இடமில்லை. சிரையிலிருந்து தமனிக்கு இரத்தத்தை மாற்றுவதே இதயத்தின் அடிப்படை வேலை என்பது இவ்வாறு உறுதிப்பட்டதும், நுரையீரலும் இரண்டு கீழறைகளும் உடைய விலங்குகளில் அதே வேலை நுரையீரலைச் சுற்றிக்கொண்டு நடக்கிறது என்ற முடிவுக்கு வருவது எளிதாயிற்று. கருவில் இருக்கும் பாலூட்டியையும் ஹார்வி இதற்குத் துணையாகக் கொண்டார். கருவின் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை. ஆகவே இரண்டு மேலறைகளுக்கும் இடையே உள்ள ஒரு திறப்பும், நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் ஒரு குழாயும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பாமல் குறுக்கு வழியில் உடலுக்கு அனுப்புகின்றன. பிறந்த பின் இவை அடைபட்டுவிடுகின்றன. மனிதரை மட்டும், அதுவும் இறந்த மனிதரை மட்டும் பார்த்துவிட்டு எல்லா உயிர்களுக்கும் விதி வகுப்பவர்கள், ஒரே ஒரு நாட்டின் ஆட்சியைக் கண்டு அரசியல் முழுவதையும் அறிந்ததாக எண்ணுபவர்களுக்கு ஒப்பாவர் என்று அவர் அந்நூலில் கண்டித்தார்.

கேலனின் கோட்பாட்டை வீழ்த்திய மற்றொரு கருவி எளிய பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு அரை அவுன்சு இரத்தமே வெளியேறுகிறது என்று குறைத்துக் கணக்கிட்டாலும், அரை மணி நேரத்தில் நிகழும் ஆயிரம் துடிப்புகளில் 500 அவுன்சு இரத்தம் தமனிகளுக்குள் சென்றாக வேண்டும். இது உடல் முழுவதிலும் உள்ள இரத்தத்தைவிட மிகுதி. உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு இரத்தம் ஓயாமல் உண்டாக முடியாது என்பதால், சென்ற இரத்தமே திரும்பி வருகிறது என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. உயிருள்ள பாம்பின் இதயத்துக்கு வரும் பெருஞ்சிரையை விரலால் அழுத்தியபோது இதயம் வெளுத்து வெறுமையானதும், இதயத்திலிருந்து புறப்படும் தமனியை அழுத்தியபோது அது கறுத்துப் புடைத்ததும் இக்கணக்குக்குக் கண்கூடான சான்றாயின. பூச்சிகளைப் பற்றி ஹார்வி எழுதி வைத்திருந்த குறிப்புகள் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642-இல் அவருடைய இருப்பிடம் சூறையாடப்பட்டபோது அழிந்துபோயின.

தவளையின் நுரையீரலும் பெட்டைக் குதிரையின் தமனியும்

தமனியின் இரத்தம் எவ்வழியே சிரைக்கு மாறுகிறது என்பதை ஹார்வியால் காட்ட முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர், ஹார்வியின் நூல் வெளிவந்த அதே 1628-இல் பிறந்த இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பீகி. பெரிய விலங்குகளின் நுரையீரலில் எதுவும் தெளிவாகத் தெரியாததால் அவர் தவளையைத் தேர்ந்தெடுத்தார். தவளையின் நுரையீரல், சுவர் மெல்லிய, ஏறத்தாழ ஒளி ஊடுருவும் ஒரு பை. அதை ஊதி உலர்த்தி நுண்ணோக்கியில் பார்த்தபோது, தமனியின் கடைசிக் கிளைகளையும் சிரையின் முதல் கிளைகளையும் இணைக்கும் மயிரினும் மெல்லிய நாளங்களின் வலை தெரிந்தது. தந்துகிகள் எனப்படும் இவற்றை 1661-இல் அவர் அறிவித்தார். இதற்காகத் தவளை இனத்தையே கிட்டத்தட்ட அழித்துவிட்டதாக அவர் நண்பர் பொரெல்லிக்கு எழுதிய மடலில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். பின்னர் ஹாலந்தில் லூவன்ஹூக், தலைப்பிரட்டையின் வாலிலும் சிறு விலாங்கின் வால் துடுப்பிலும் இரத்த அணுக்கள் தந்துகிகளின் வழியே ஒவ்வொன்றாக நகர்வதை உயிருள்ள நிலையிலேயே கண்டார்.

இரத்தம் எவ்வளவு விசையோடு ஓடுகிறது என்பதை அளக்கப் பெரிய விலங்கு தேவைப்பட்டது. லண்டனை அடுத்த டெடிங்டன் ஊரின் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸ், 1733-இல் வெளியிட்ட நூலில் அச்சோதனையை விரிவாக எழுதினார். வேலைக்கு உதவாமற்போன ஒரு பெட்டைக் குதிரையை மல்லாத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியைத் திறந்து, அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு விட்டமுள்ள பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு ஒன்பது அடி நீளக் கண்ணாடிக் குழாயை நேர்செங்குத்தாக இணைத்தார். தமனியின் கட்டை அவிழ்த்ததும் இரத்தம் இதயத்தின் இடது கீழறை மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்று, துடிப்புக்குத் துடிப்பு சில அங்குலங்கள் ஏறி இறங்கியது. இன்றைய அளவில் இது ஏறத்தாழ 190 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அஞ்சி நடுங்கிய விலங்கு என்பதால் இது வியப்புக்குரியதன்று. மயக்க மருந்து அறியப்படாத காலத்தில் நிகழ்ந்த இத்தகைய சோதனைகளை அக்காலத்திலேயே கண்டித்தவர்கள் உண்டு. ஹேல்ஸின் அண்டை ஊர்க்காரரான கவிஞர் அலெக்சாண்டர் போப் அவர்களுள் ஒருவர்.

ஏணியாக அடுக்கப்பட்ட இதயங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் குவியே ஒப்பியல் உடற்கூற்றை ஒரு தனித் துறையாக நிலைநாட்டினார். மீனுக்கு இரண்டு அறைகள், தவளைக்கு மூன்று, பல்லி, பாம்பு, ஆமைக்கு முழுமையாகப் பிரிக்கப்படாத கீழறையோடு கூடிய மூன்று, பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு என்ற பட்டியல் பாடநூல்களில் இடம்பெற்று, கீழிருந்து மேலே ஏறும் ஏணியாகவே கற்பிக்கப்பட்டது. இப்பட்டியலின் பொருள் எளிதில் விளங்கக்கூடியது. மீனில் இரத்தம் ஒரு சுற்றுக்கு ஒரு முறையே இதயத்தைக் கடக்கிறது. இதயத்திலிருந்து செவுள்களுக்குச் சென்று, அங்குள்ள தந்துகிகளில் அழுத்தத்தை இழந்து, குறைந்த விசையோடு உடலுக்குப் போகிறது. பறவையிலும் பாலூட்டியிலும் நுரையீரலிலிருந்து திரும்பும் இரத்தம் மறுபடியும் இதயத்துக்கு வந்து புதிய விசையைப் பெறுவதால் இரட்டைச் சுற்று ஏற்படுகிறது. மென்மையான நுரையீரலுக்குக் குறைந்த அழுத்தமும் உடலுக்கு மிகுந்த அழுத்தமும் ஒரே நேரத்தில் தர முடிகிறது. வெப்ப இரத்த வாழ்க்கைக்கு வேண்டிய பெருமளவு ஆக்சிஜனை இந்த ஏற்பாடே வழங்குகிறது.

ஆயினும் ஏணியின் படிகள் தொடக்கத்திலேயே ஆட்டம் கண்டன. பூச்சிகளில் காற்றுக் குழாய்கள் ஒவ்வோர் உறுப்புக்கும் நேரே காற்றைக் கொண்டுசெல்வதால் அவற்றுக்கு இரத்த ஓட்டமே இல்லை என்று குவியே கருதியிருந்தார். 1827-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் குஸ்டாவ் காரஸ், சில பூச்சிகளின் இளம்புழுக்களில், முதுகுப்புறம் நீண்டு கிடக்கும் குழாய் போன்ற இதயத்தால் உந்தப்பட்டு இரத்தம் உடலறைக்குள் சுற்றி வருவதைக் காட்டினார். தந்துகிகள் இல்லாமல் உறுப்புகளை நேரடியாக நனைக்கும் இவ்வகை, திறந்த இரத்த ஓட்டம் எனப்படுகிறது. அதேபோல், ஊர்வனவற்றில் ஒன்றாகக் கீழ்ப்படியில் வைக்கப்பட்ட முதலைக்கு நான்கு அறைகளும் முழுமையான இடைச்சுவரும் உண்டு. அதற்கு மேல், வலது கீழறையிலிருந்து உடலுக்குச் செல்லும் ஒரு தனிப் பெருந்தமனியும், அதை மற்றப் பெருந்தமனியோடு இணைக்கும் ஒரு துளையும் உண்டு என்பதை இத்தாலியின் பாவியா நகரப் பேராசிரியர் பர்த்தொலோமியோ பனிஸ்ஸா 1833-இல் விவரித்தார். நீருக்குள் மூச்சை அடக்கிக் கிடக்கும்போது பயன்படாத நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தை முதலை இவ்வழியில் உடலுக்கே திருப்பிவிட முடியும்; பாலூட்டியின் இதயத்தால் இது இயலாது.

ஆய்வுக்கூடத்தின் தவளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதய ஆய்வு பெரும்பாலும் தவளையைச் சார்ந்து நின்றது. தவளை மலிவாகக் கிடைத்தது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. பாலூட்டியின் தடித்த கீழறைச் சுவருக்கு உணவும் ஆக்சிஜனும் கொடுக்கத் தனித் தமனிகள் தேவை; அவற்றில் இரத்த ஓட்டம் நின்றால் இதயமும் நின்றுவிடும். தவளையின் கீழறைச் சுவரோ பஞ்சு போன்றது. அறைக்குள் நிறையும் இரத்தத்திலிருந்தே தனக்கு வேண்டியதை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே உடலிலிருந்து பிரித்தெடுத்து உப்பு நீரால் நிரப்பினாலும் அது மணிக்கணக்கில் துடிக்கும். லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் 1882-இல் இத்தகைய உப்புக் கரைசலை ஆராய்ந்தபோது, அவருடைய உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீரைப் பயன்படுத்தியிருந்தது பின்னர் தெரியவந்தது. வடித்த நீரில் கரைசல் தயாரித்தபோது இதயம் விரைவில் ஓய்ந்தது; குழாய் நீரில் கரைந்திருந்த கால்சியமே இதயத் தசை சுருங்க இன்றியமையாதது என்பது இவ்வாறு 1883-இல் உறுதியாயிற்று. ரிங்கர் கரைசலும் அதிலிருந்து உருவான பிற கரைசல்களும் மருத்துவமனைகளில் இன்றும் சிரை வழியே ஏற்றப்படுகின்றன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி, நரம்பு தூண்டப்பட்டு வேகம் குறைந்த ஒரு தவளை இதயத்திலிருந்து எடுத்த நீரை மற்றொரு தவளை இதயத்தில் செலுத்தியபோது அதுவும் வேகம் குறைந்தது. நரம்பின் ஆணை ஒரு வேதிப்பொருளால் எடுத்துச் செல்லப்படுகிறது என்று காட்டிய இச்சோதனை 1921-இல் வெளியாகி, 1936-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

ஹார்வி கண்டவாறு வலது மேலறை கடைசியில் ஓய்வது ஏன் என்ற கேள்விக்கான விடை 1907-இல் கிடைத்தது. இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று அறிஞரும், மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃபிளாக்கும் பல விலங்குகளின் இதயங்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்து வந்தனர். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்ற சிறு பாலூட்டியின் இதயத்தில், பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடத்தில் சுற்றியுள்ள தசையினின்றும் வேறுபட்ட ஒரு சிறு திசு முடிச்சை ஃபிளாக் கண்டார். பிற பாலூட்டிகளிலும் மனிதரிலும் அதே இடத்தில் அது இருந்தது. துடிப்பு ஒவ்வொன்றும் அங்கிருந்தே தொடங்குகிறது. மீனிலும் தவளையிலும் சிரைகள் சேரும் மெல்லிய பையான சைனஸ் வெனோசஸ் செய்யும் வேலையை, அப்பை தனியாக இல்லாத பாலூட்டியில் இம்முடிச்சு செய்கிறது. அதன் துடிப்பு தவறும் நோயாளிகளுக்கு அதற்கு மாற்றாகப் பேஸ்மேக்கர் கருவி இன்று பொருத்தப்படுகிறது.

குறை என்று கருதப்பட்டவை

இருபதாம் நூற்றாண்டின் உடலியங்கியல், இதய வகைகளை ஏணியாகப் பார்க்கும் பார்வையைக் கைவிடச் செய்தது. தவளையின் ஒற்றைக் கீழறையில் தூய இரத்தமும் தூய்மையற்ற இரத்தமும் கலப்பது ஒரு குறையாகவே முன்பு எழுதப்பட்டது. தவளை ஈரமான தோலின் வழியாகவும் மூச்சுவிடுகிறது. தோலில் ஆக்சிஜன் பெற்ற இரத்தம் வலது மேலறைக்கே வருகிறது. நீருக்கடியில் இருக்கும்போது நுரையீரலைவிடத் தோலே பயன்படுகிறது. இந்நிலையில் இரு பக்கங்களையும் சுவரெழுப்பிப் பிரித்துவிட்டால் தவளைக்கு இழப்பே மிஞ்சும். ஆக்டோபஸ் வேறொரு வழியில் சென்றது: செவுள்களின் அடியில் இரண்டு இதயங்கள் இரத்தத்தைச் செவுள்களுக்குள் தள்ளுகின்றன, மூன்றாவது இதயம் அதை உடலுக்கு அனுப்புகிறது. மீனில் செவுளுக்குப் பின் குறையும் அழுத்தம் இங்கு ஈடுசெய்யப்படுகிறது. அண்டார்க்டிக் கடலின் பனிமீன்களின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே இல்லை. மிகக் குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருப்பதாலும், பெரிய இதயம் பெருமளவு இரத்தத்தைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துவதாலும் அவை உயிர் வாழ்கின்றன. ஒட்டகச்சிவிங்கியோ, நெடிய கழுத்தின் உச்சிக்கு இரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால், மனிதரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இரத்த அழுத்தத்தோடு இயங்குகிறது. பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு அறைகள் பொதுவாக இருப்பினும், பறவையின் பெருந்தமனி வலப்பக்கமும் பாலூட்டியின் பெருந்தமனி இடப்பக்கமும் வளைகின்றன. இரண்டு கிளைகளும் தனித்தனியே இந்த அமைப்பை வந்தடைந்தன என்பதற்கு இதுவும் ஓர் அறிகுறி.

விலங்குகளை அறுத்துப் பார்க்கும் வழக்கத்தின் மீதான கட்டுப்பாடுகளும் இதே காலத்தில் வளர்ந்தன. பிரிட்டன் 1876-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் உட்பட நாடெங்கும் விலங்கியல் மாணவர்கள் மெழுகுத் தட்டில் தவளையைக் குத்தி வைத்து அறுத்துவந்த வழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் குறைக்கவும் 2014-இல் நிறுத்தவும் பணித்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கண்டறியப்பட்டவற்றை மறுபடியும் நிரூபிக்க ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தவளையைக் கொல்லத் தேவையில்லை என்பதால் இம்முடிவு சரியானதே. ஆனால் கத்தியோடு சேர்ந்து ஒப்பீடும் வகுப்பறையை விட்டு வெளியேறிவிடக் கூடாது. இரண்டு, மூன்று, நான்கு என்று அறைகளின் எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் பாடநூல், கேலன் செய்த பிழையின் மறுபக்கத்தையே செய்கிறது: அவர் வேற்றுமையைக் காணாமல் விட்டார், இது வேற்றுமையின் காரணத்தைச் சொல்லாமல் விடுகிறது. ஒவ்வோர் இதயத்தையும் அந்தந்த விலங்கு மூச்சுவிடும் முறையோடும் வாழும் இடத்தோடும் சேர்த்துக் கற்பிப்பதே, பாடநூல் எழுதுவோரும் ஆசிரியரும் இந்த நெடிய வரலாற்றுக்குச் செய்யக்கூடிய நியாயம்.